இறால் கொட்டகைப் பரீட்சை

மனித உடம்பில் இருநூற்று ஆறு எலும்புகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளச் செல்லியம்மாளுக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அந்த இருநூற்று ஆறையும் மண்டையோட்டில் ஆரம்பித்துக் கால் சுண்டுவிரல் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்க ஏழு மாதம் பிடித்தது. அப்படி ஒப்பிப்பதால் கால் காசுக்குப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வருஷமும் ஒரு தோல்வியும் செலவாயின. படிப்பு என்றால் சும்மாவா?

அவள் படிக்கப் போனதே ஒரு கட்டடத்தால்தான். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே மணல்மேட்டுக் குப்பம் என்று ஒரு திட்டு. அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அந்தக் குப்பத்துக் குப்பம்மாளின் மூத்த மகள் கன்னியம்மாளுக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்து நன்றாகவே அழுதது. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. செல்லியம்மாளின் புருஷன் வரதன் படகை எடுத்தான். கன்னியம்மாளின் தலையைச் செல்லியம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள். பழவேற்காட்டுக் கரை கண்ணுக்குத் தெரியும்போது மடியில் இருந்த தலை கனத்துப் போயிற்று. படகின் அடிப்பலகையில் நின்ற ரத்தத்தை வரதன் மறுநாள் முழுக்கக் கழுவினான். பிள்ளை பிழைத்துக்கொண்டது, அதைக் குப்பம்மாள் வளர்த்தாள்.

குப்பத்தார் மனு கொடுத்தார்கள். அரசாங்கம் மனம் இரங்கி ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, 'துணைச் சுகாதார நிலையம்' என்று பலகை மாட்டி, பெரிய மனிதர்கள் படகில் வந்து ரிப்பன் வெட்டி, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நர்ஸ் மட்டும் வரவில்லை. மழைக்கு ஆடுகள் ஒதுங்கின. வெயிலுக்கு வலைகள் ஒதுங்கின. ஒரு வருஷம் கழித்துக் கேட்கப் போனபோது ஓர் அதிகாரி உண்மையைச் சொன்னார்: "படிச்ச நர்ஸ் எவளும் இந்தத் தீவுக்கு வரமாட்டா. உங்கள்ல ஒருத்தியைப் படிக்க அனுப்புங்க. பாஸ் பண்ணா அவளையே இங்க போட்டுடறோம்."

குப்பத்தில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரே பெண் செல்லியம்மாள். வயது இருபத்தொன்பது. அறுபத்தாறில் தகரப் பெட்டியும் ஒரு கருவாட்டுப் பொட்டலமுமாகத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு துணை நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் போய் இறங்கினாள். கூடப் படித்ததெல்லாம் பதினெட்டு வயதுப் பெண்கள். அவளை முதல் நாள் சமையற்காரி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார்கள்.

பிரசவம் பார்ப்பதிலோ கட்டுப் போடுவதிலோ ஊசி போடுவதிலோ அவளை யாரும் குறை சொல்லவில்லை. "உனக்குக் கை இருக்கு" என்று பாடம் நடத்தும் ரோஸ்லின் டியூட்டரே சொன்னார். தகராறெல்லாம் உடற்கூறும் உடலியங்கியலும் என்ற பரீட்சையோடுதான். எழுத்தும் வாய்மொழியும் சேர்ந்த அதில் தேறாவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் சான்றிதழ் கிடையாது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டை விட்டால் பெயரை அடித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரோஸ்லின் டியூட்டரின் பாட முறை எளிமையானது. புத்தகத்தை அவர் வாசிப்பார், கேட்பவர்கள் எழுதிக்கொள்வார்கள், எழுதியதை மனப்பாடம் செய்வார்கள். புரிகிறதா என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால் யாராவது இல்லை என்று சொல்லிவிடும் அபாயம் இருக்கிறதே.

விடுதிப் பெண்கள் ஆளுக்கொரு வித்தை வைத்திருந்தார்கள். வெண்டைக்காய் தின்றால் ஞாபகம் நிற்கும் என்று ஒருத்தி தினமும் அடுத்தவள் தட்டிலும் கை வைத்தாள். இன்னொருத்தி வல்லாரைக் கீரையைப் பச்சையாக மென்றாள். ஞாபகம் வளர்ந்ததோ இல்லையோ, வயிற்றுப்போக்கு வந்தது. முக்கியமான வரியின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடு, அது மனதில் அப்படியே பதியும் என்றாள் மூன்றாமவள். செல்லியம்மாளுக்கு எல்லா வரியும் முக்கியமாகவே பட்டது. ரெண்டு பென்சில் தீர்ந்தது. புத்தகம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவந்துபோயிற்று. மனதில் பதிந்தது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

ஆனாலும் அவள் விடவில்லை. தலை முதல் கால் வரை வரிசையாக ஒப்பித்தாள். குளிக்கும்போது ஒப்பித்தாள். அரிசி களையும்போது ஒப்பித்தாள். வாய்மொழிப் பரீட்சையில் உட்கார்ந்தாள். "சிறுநீரகத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டார்கள். சிறுநீரகம் அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போக முதல் பக்கத்திலிருந்து அல்லவா கிளம்ப வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு மண்டையோட்டில் ஆரம்பித்தாள். "சிறுநீரகம், சிறுநீரகம்" என்று அவர்கள் மேஜையைத் தட்டினார்கள். அவள் தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்து, வேகமாக விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. இன்னும் ரெண்டு நிமிஷம் கொடுத்திருந்தால் சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்திருப்பாள்.

முதல் வாய்ப்பு போயிற்று. மறு பரீட்சை வரை தங்க இடமில்லை என்று ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுக்கு வழிகாட்ட ஒரு மகான் காத்திருந்தார். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருந்த அப்துல் கனி பாய். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுகிறவர். யோசனைக்கும் கறிக்கும் சேர்த்து ஒரே தராசுதான்.

"புக்ஸ்ல இன்னா கீது தங்கச்சி? வெறும் பேப்பர். இங்க வா. ஆடு வேற, ஆளு வேறயா? எல்லாம் ஒரே மெஷின். நான் அறுக்கறப்போ நீ பாரு, ஒரு மாசத்துல டாக்டராயிடுவே."

செல்லியம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. படத்தில் காண்பதைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது மேல்தானே? அதுவரை சரி. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நின்றாள். பாய் இதயத்தைப் பிளந்து காட்டினார், ஈரலைத் தூக்கிக் காட்டினார், குடலை ஓர் ஆள் உயரத்துக்குப் பிடித்துக் காட்டினார். வாடிக்கைக்காரர்கள் காத்திருந்து அலுத்துப்போய் மீன் வாங்கப் போனார்கள். செல்லியம்மாளுக்கு முதல்முறையாகப் படிப்பு ருசித்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வீட்டுக்கு வந்து படம் வரைந்தாள்.

இரண்டாம் பரீட்சையில் மனித இரைப்பையைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். மிக அழகாக வரைந்தாள். நாலு அறைகள். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும், எதன் உட்பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் போட்டிருக்கும் என்பது வரை எழுதினாள். விலா எலும்பு எத்தனை ஜோடி என்ற கேள்விக்குப் பதின்மூன்று என்று அடித்துச் சொன்னாள். ஆட்டுக்குப் போலவே மேல் தாடையில் முன்பல் கிடையாது என்று எழுதாமல் விட்டது, அந்த வாரம் அவளுக்கு அதே இடத்தில் பல்வலி இருந்ததால்தான்.

ரோஸ்லின் டியூட்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை.

"செல்லியம்மா, நீ சாப்பிட்டப்புறம் அசை போடறதுண்டா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"வைக்கோல் தின்றதுண்டா?"

"இல்லீங்க."

"அப்போ உனக்கெதுக்கு நாலு வயிறு?"

அந்த விடைத்தாள் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் சுற்றுக்குப் போயிற்றாம். அப்துல் கனியிடம் வந்து சொன்னபோது அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அவங்க ஆட்டையே சரியா பார்த்திருக்க மாட்டாங்கம்மா" என்றார். அதோடு அவருடைய கல்விச் சேவை முடிந்தது.

இரண்டு வாய்ப்பும் போய்விட்டது. மிச்சம் ஒன்று. அது அறுபத்தெட்டு ஐப்பசியில். வரதனின் வலையில் அந்த வருஷம் மீன் சரியாகப் படவில்லை. அதனால் செல்லியம்மாள் குப்பத்துப் பெண்களோடு படகேறிப் பழவேற்காட்டு இறால் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வெளிநாட்டுக்குப் போகும் இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, ஐஸில் போடுகிற வேலை. நாற்பது பெண்கள் சிமென்ட் தரையில் குந்திக்கொண்டு, கை ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓட உட்கார்ந்திருப்பார்கள். முதல் வரிசை முதல் இடம் குப்பம்மாளுடையது. கொட்டகையின் மேஸ்திரி யார் என்பது பற்றிக் கம்பெனிக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. குப்பம்மாளுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

முதல் நாள் செல்லியம்மாள் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். குப்பம்மாள் பார்த்தாள்.

"இன்னாடி அது?"

"பாடம்க்கா. நடுவுல ரெண்டு வரி பார்த்துக்கலாம்னு."

"இறால் தண்ணி பட்டா நாறிடும். வெளிய வெச்சிட்டு வா. மண்டையில கீறத மட்டும் உள்ள எடுத்துக்கினு வா."

மண்டையில் இருந்தது அதிகமில்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. குப்பம்மாள் காலை நீட்டினாள். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"சாயங்காலம் ஆனா இப்டி வீங்கிப்போவுது. ஏன்?"

செல்லியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இரத்த ஓட்ட மண்டலம் என்பது இதயம், தமனிகள், சிரைகள், தந்துகிகள் ஆகியவற்றால் ஆனது. இதயம் நெஞ்சுக்கூட்டில்..."

"நான் காலைக் கேட்டேன். நீ கச்சேரி பண்றே."

நாற்பது பேரும் சிரித்தார்கள். செல்லியம்மாளுக்குக் காது சுட்டது. ரெண்டு வருஷம் படித்ததில் குப்பம்மாளின் கணுக்கால் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. பல பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்தது.

"படிச்சிப் பார்த்துட்டு நாளைக்கிச் சொல்றேன்க்கா" என்றாள்.

"சொல்லு. நீ பாஸ் பண்ணா எங்க உசிரு உன் கையில வரப்போவுது. நாங்க கேக்காம வேற எவ கேப்பா?"

அன்று பொழுது சாய்வதற்குள் அவள் புத்தகத்தைப் புரட்டிய விதம் வேறாக இருந்தது. முதல் பக்கத்திலிருந்து போகவில்லை. கணுக்காலிலிருந்து மேலே போனாள். மறுநாள் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "கீழ எறங்கின ரத்தம் மேல ஏறணும்க்கா. நரம்புக்குள்ள சின்னச் சின்னக் கதவு கீது. நண்டு புடிக்கிற கூட்டு வாய் மாதிரி, மேல போவ விடும், திரும்பி வர விடாது. கெண்டைக்கால் சதை அமுக்கி அமுக்கித்தான் அத்த மேல தள்ளும். நாம நாளெல்லாம் குந்திக்கினு கீறோம், சதை அசையறதில்ல. அதான் கீழயே தேங்குது."

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"நடுவுல நடுவுல எழுந்து நடக்கணும்."

குப்பம்மாள் உடனே எழுந்து நடந்தாள். அவளைப் பார்த்து நாற்பது பேரும் எழுந்து நடந்தார்கள். மேஸ்திரி ஓடி வந்து கத்தினான். "கெண்டைக்கால் சதை பம்ப் அடிக்குதுப்பா, கொஞ்சம் இரு" என்றாள் குப்பம்மாள். அந்த வருஷம் அவன் வாங்கிய முதல் உடலியங்கியல் பாடம் அது.

அதிலிருந்து தினம் ஒரு கேள்வி. பசித்தால் வயிறு ஏன் உறுமுகிறது? ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது? மஞ்சள்காமாலை வந்தவனுக்குக் கண் ஏன் மஞ்சளாகிறது? புத்தகம் வெளியே, பதில் உள்ளே. படம் காட்டச் சொன்னால் ஈர விரலால் சிமென்ட் தரையில் வரைவாள். வரைந்து முடிப்பதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து மறைந்துவிடும். பின்வரிசை எட்டிப் பார்த்து, "எங்க, எங்க" என்று கேட்கும். மறுபடி வரைவாள். இதயத்தை ஒரே நாளில் பதினாறு தடவை வரைந்தாள். அதற்கு முன் இரண்டு வருஷத்தில் அவள் அதை வரைந்தது இரண்டே தடவை; இரண்டும் பார்த்து வரைந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. குப்பம்மாள் ஒரு வலைத் தகராறில் பொன்னேரி கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனவள். எதிர்க்கட்சி வக்கீல் ஒரே சங்கதியைக் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி, அடுத்த வாய்தாவில் வேறு மாதிரி கேட்டு அவளை அழவிட்டிருந்தார். அந்த வக்கீல் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் செல்லியம்மாளிடம் தீர்த்துக்கொண்டாள். போன வாரம் பதில் சொன்ன கேள்வியை இந்த வாரம் தலைகீழாகக் கேட்பாள். பத்து நாள் கழித்து, படகில் ஏறும்போது ஒரு காலைத் தூக்கிய நிலையில், "ஆமா, அன்னிக்கி ஈரலுக்குப் பக்கத்துல ஒரு பை சொன்னியே, அது எந்தப் பக்கம்?" என்பாள். கொஞ்சம் தடுமாறினால் போதும், "சாட்சி பல்டி அடிக்கிறா பாரு" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். செல்லியம்மாள் மறுபடி போய்ப் படிப்பாள். மறந்துபோகும் சமயம் பார்த்து யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் எதுவும் மறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. அவள் சொன்னதைப் பெண்கள் கேட்டதோடு விடவில்லை. மூணு தெரு தாண்டிப் பரப்பினார்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிறது என்று இவள் சொன்னது, ரெண்டே நாளில், சிறுநீரகம் ரத்தத்தைக் குடிக்கிறது என்று திரும்பி வந்தது. "நான் எங்கடி குடிக்குதுன்னு சொன்னேன்" என்று அவள் வரிந்து கட்டிக்கொண்டு திருத்தினாள். தப்பாகச் சொல்கிறவளைத் திருத்த வேண்டுமானால், அவள் எந்த இடத்தில் தப்பினாள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் தனக்கும் அந்த இடம் கொஞ்சம் மங்கல் என்று தெரியும். ரோஸ்லின் டியூட்டருக்கு இந்த முறையைச் சொல்லியிருந்தால் கொட்டகையைச் சுத்தம் இல்லாத இடம் என்று மூடச் சொல்லியிருப்பார்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. அன்று இறால் வரத்துக் குறைவு. குப்பம்மாள் வழக்கமான கேலி இல்லாத குரலில் கேட்டாள்.

"ஒரு பொம்பளை ஒடம்புல ரத்தம் எவ்ளோ இருக்கும்?"

செல்லியம்மாளின் கை நின்றது. "நம்ம ஒடம்புக்கு நாலு, நாலரை லிட்டர்க்கா."

"லிட்டர்லாம் எனக்குத் தெர்ல. இதுல காட்டு." அலுமினிய பேசினை முன்னால் தள்ளினாள்.

செல்லியம்மாள் ஐஸ் உருகிய தண்ணீரை ஊற்றினாள். பேசின் பாதிதான் நிறைந்தது. குப்பம்மாள் அதையே பார்த்தாள். படகின் அடிப்பலகையில் எவ்வளவு நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவ்ளோதானா" என்றாள் குப்பம்மாள்.

தண்ணீரைத் தரையில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாருக்கும்தான் பெத்தா ரத்தம் போவுது. அப்புறம் நிக்குது. என் பொண்ணுக்கு ஏன் நிக்கல?"

"தெர்லக்கா."

"தெரிஞ்சிக்கினு வா."

மறுநாள் ஞாயிறு. செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வரதன் சோறு ஆக்கித் தட்டில் போட்டு வைத்தான், ஈ மொய்த்தது. அந்தப் பாடத்தை அவள் நாலு வருஷம் முன்னால் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கத்தை அவள் எழுபது தடவையாவது ஒப்பித்திருக்கிறாள். சிவப்புக் கோடுகூடப் போட்டிருக்கிறாள். அதில் கன்னியம்மாள் இருக்கிறாள் என்பது ஒரு தடவைகூடத் தெரியவில்லையே.

திங்கட்கிழமை, குப்பம்மாளின் உள்ளங்கையில் ஒரு ஐஸ் கட்டியை வைத்தாள். "கையை மூடுக்கா. இறுக்கி மூடு."

"கட்டி கீதே, எப்டி மூடறது?"

"அதான். கர்ப்பப்பை முழுக்க சதை. சதை எழைக்கு நடுவுல நடுவுலதான் ரத்தக் கொழாய் ஓடுது. வலைக்கண்ணுக்குள்ள கயிறு மாட்ன மாதிரி. நஞ்சு விழுந்துட்டா பை சுருங்கிக் கல்லு மாதிரி ஆயிடும். எழை இறுகி, கொழாயை அமுக்கிடும். ரத்தம் நின்னுடும். நஞ்சு உள்ளயே நின்னுட்டா பை மூட முடியாது. கொழாய் தெறந்தபடியே கீது."

குப்பம்மாள் ஐஸ் கட்டியைக் கீழே போட்டாள். கையை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அன்னிக்கி உனக்கு இது தெரிஞ்சிருந்தா?"

"கொழந்தைய மாருல போட்டுப் பால் குடிக்க வெச்சிருப்பேன். அதுலயே பை சுருங்கும். நஞ்சு எறங்கிச்சின்னா வயித்து மேல கை வெச்சித் தேய்ச்சி விட்ருப்பேன்."

"பொழச்சிருப்பாளா?"

"தெர்லக்கா. பொழச்சிருக்கலாம்."

அந்தக் கேள்வியைக் குப்பம்மாள் ஐப்பசி வரை ஏழு தடவை கேட்டாள். முன்பக்கமாக, பின்பக்கமாக, குறுக்காக. ஏழு தடவையும் செல்லியம்மாள் சொன்னாள். ஒரு தடவைகூடச் சாட்சி மாறவில்லை.

கடைசிப் பரீட்சைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நாலு வயிற்றுக் கதை அவர் காதிலும் போட்டுவைக்கப்பட்டிருந்தது போலும், உதட்டோரம் சிரிப்பு இருந்தது. இரைப்பையில் எத்தனை அறை என்று கேட்டார். "ஆட்டுக்கு நாலு. ஆளுக்கு ஒண்ணு" என்றாள் செல்லியம்மாள். ரோஸ்லின் டியூட்டர் இருமினார். சிறுநீரகத்தைக் கேட்டார்கள், மண்டையோட்டைத் தொடாமல் நேராகப் போய்ச் சேர்ந்தாள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள்.

அவள் மேஜை மேல் இருந்த காகிதக்கல்லை எடுத்து டாக்டரம்மாவின் கையில் வைத்து, மூடச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா கல்லைக் கீழே வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "இதை எந்தப் புத்தகத்துல படிச்சே?"

"உங்க புத்தகத்துலதாம்மா கீது. ஒருத்தங்க கேட்டாங்க. அதனால தெரிஞ்சிது."

தேறிவிட்டாள். அந்தத் தடவை எழுதியவர்களில் அவள்தான் முதல் என்று கடிதம் வந்தது. கொட்டகை முழுவதும் தானே பாஸ் பண்ணின மாதிரி நடந்துகொண்டது. வரதன் மஞ்சள் கட்டடத்திலிருந்து ஆடுகளை விரட்டினான். பெண்கள் சேர்ந்து தரையைக் கழுவி, வலைகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். குப்பம்மாளின் இளைய மகள் தேசம்மாள் கோலம் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து வேலை உத்தரவு வந்தது. பொதட்டூர்பேட்டை.

ஜில்லாவின் ஒரு கோடி பழவேற்காடு என்றால் இன்னொரு கோடி அது. திருத்தணிக்கும் அப்பால். செல்லியம்மாள் உத்தரவைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். அந்தப் பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் மிகப் பொறுமையாக விளக்கினார்: சொந்த ஊரில் யாரையும் போடக்கூடாது என்பது விதி. சொந்த ஊரில் போட்டால் வேலை பார்க்க மாட்டார்கள். ஏழு நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவருக்கு. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. மணல்மேட்டுக் குப்பம் ஒன்றுதான் அந்தக் கணக்கில் இல்லை.

கொட்டகையின் நாற்பது பெண்களும் கைநாட்டு வைத்து மனு அனுப்பினார்கள். பதினாலு மாதம் கழித்து, மனு பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆடுகள் கட்டடத்துக்குத் திரும்பின.

கிளம்பும் நாளில் செல்லியம்மாள் குப்பம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். "உங்களுக்காகத்தான்க்கா படிச்சேன்" என்றாள்.

"தெரியும். படகுக்கு நேரமாவுது, போ" என்றாள் குப்பம்மாள். திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

பொதட்டூர்பேட்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம். அங்கத்திய பெண்கள் அவளை மரியாதையாக "நர்ஸம்மா" என்றார்கள். அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மரியாதை அவளுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. மாதம் ஒருமுறை வரதன் கருவாட்டோடு வந்து, தண்ணீரே இல்லாத ஊரில் கால் பாவாமல் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போவான்.

எழுபதாம் வருஷம் தை மாதம், காலை பத்து மணிக்கு வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். குப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாதம் நிறைந்த தேசம்மாள். படகு, பஸ், ரயில், இன்னொரு ரயில், மறுபடி பஸ். தலையில் ஒரு கூடை இறால் கருவாடு.

"தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதானே பார்க்கணும்" என்றாள் குப்பம்மாள். "இட்டாந்துட்டேன்."

அதற்குப் பின் குப்பத்திலிருந்து அதே வழியாகப் பதினோரு பேர் பிரசவத்துக்கு வந்ததும், பொதட்டூர்பேட்டை துணை நிலையத்தில் மக்கள் தொகைக்கு மீறிப் பிரசவங்கள் நடப்பதற்கு விளக்கம் கேட்டு மேலிடம் மெமோ அனுப்பியதும், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தைத் தீவிரப்படுத்தச் சொல்லி ஒரு வேன் வந்து ஊரெல்லாம் மைக்கில் கத்தியதும் தனிக் கதை. அன்று வந்தது தேசம்மாள்தான்.

செல்லியம்மாள் கதவை அகலத் திறந்தாள். குப்பம்மாள் உள்ளே வரவில்லை. மகளையும் விடவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"நஞ்சு உள்ளயே நின்னுட்டா?"

"பை மூடாது. கொழாய் தெறந்தே இருக்கும்."

"மூட வெக்க?"

"பால் குடுக்கணும். நஞ்சு எறங்கினதும் வயித்தைத் தேய்க்கணும். இப்போ ஊசியும் கீது என் பெட்டில."

"சரி, உள்ள போ" என்றாள் மகளிடம்.

எட்டாம் நாள் மத்தியானம் பிறந்தது. பெண் குழந்தை. செல்லியம்மாள் அதைத் துடைத்துத் தேசம்மாளின் மார்பில் போட்டாள். சுவரோரம் நின்ற குப்பம்மாள் குழந்தையைப் பார்க்கவில்லை; தரையில் வைத்த பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சு தாமதித்தது. தறிச் சத்தம் வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, குழந்தை வாய் வைத்துச் சப்ப ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், முழுசாக வந்து விழுந்தது. செல்லியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு துணுக்கும் குறையவில்லை. அடிவயிற்றில் கை வைத்து அமுக்கித் தேய்த்தாள்.

"யக்கா, இங்க வா."

குப்பம்மாள் வந்தாள். செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்து மகளின் தொப்புளுக்குக் கீழே வைத்தாள். அடியில் உருண்டையாக, கெட்டியாக, மூடிய முஷ்டி மாதிரி ஒன்று இருந்தது. பேசினில் ரத்தம் அடி மறைகிற அளவோடு நின்றுவிட்டிருந்தது.

குப்பம்மாள் கையை எடுக்கவில்லை. உரித்து உரித்துத் தோல் வெளுத்த அந்த விரல்கள் அந்த உருண்டையைச் சுற்றி மெதுவாக ஒரு தடவை போய் வந்தன.

"இவ்ளோதானா" என்றாள்.

செல்லியம்மாள் பேசினை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.